ஒரே மென்பொருள், மூன்று திரைகள்: எளிய இடைமுகம் அமைக்கத் தொடங்குகிறவர்களுக்கு

தண்ணீர் கேன் போடுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தோளில் 20 லிட்டர் கேன், இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கேனை இறக்கி வைத்துவிட்டு, காலி கேனை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, ஈரமான இன்னொரு கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுக்கிறார். "இந்த வீட்டுக்கு 2 போட்டேன், 1 காலி வாங்கினேன், பணம் வரவில்லை" என்று பதிய வேண்டும். அதற்கு அவருக்குப் பத்து நொடிதான் இருக்கிறது. அதே கணக்கை இரவில் கடை முதலாளி கணினியில் பார்ப்பார். கேன் நிரப்புகிற இடத்தில் சுவரில் மாட்டியிருக்கும் டேப்லெட்டைப் பார்த்து, அடுத்த வண்டிக்கு எத்தனை கேன் ஏற்றுவது என்று இன்னொருவர் தெரிந்துகொள்வார்.

இப்படி ஒரு சிறு தொழிலுக்கு மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறேன். அதையே இந்தக் கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். ஓரளவு நிரல் எழுத வரும், ஆனால் திரையில் எதை எங்கே வைப்பது, அதாவது இடைமுகத்தை எப்படி அமைப்பது என்று தெரியாமல் திணறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படம் வரைகிற திறமை இதற்குத் தேவையில்லை.

பல சாதனங்களுக்கு வடிவமைப்பது என்றாலே பெரும்பாலோர் திரையின் அகலத்திலிருந்து தொடங்குகிறார்கள். அகலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிற ஆள் எங்கே நிற்கிறார், எந்தக் கை சும்மா இருக்கிறது, அவருக்கு எத்தனை நொடி இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் வேலை: கூடவே போய்ப் பாருங்கள்

கணினியைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டும் பேனாவும் போதும். நான் ஒரு காலை முழுக்க கேன் வண்டியில் உட்கார்ந்து வீடு வீடாகப் போனேன். கடையில் உட்கார்ந்து கேட்டிருந்தால் யாருமே சொல்லியிருக்க மாட்டார்கள் என்கிற விஷயங்கள் அங்கேதான் கிடைத்தன. அவர் போனை எப்போதும் இடது கையில்தான் எடுக்கிறார், ஏனென்றால் வலது கையில் காலி கேன். வெயிலில் திரை தெரியாமல், போனைத் தன் நிழலுக்குள் இழுத்துப் பார்க்கிறார். வீட்டுக்காரர்களின் பெயர் அவருக்குப் பாதி தெரியாது. "மாடி வீட்டு டீச்சர்", "நாய் இருக்கிற வீடு" என்றுதான் நினைவு வைத்திருக்கிறார்.

திரும்பி வந்ததும், யார் என்னென்ன செய்கிறார்கள் என்பதை வினைச்சொல்லாக எழுதுங்கள். "கேன் போட்டதைப் பதிவது", "புது வீடு சேர்ப்பது", "மாதக் கணக்கு எடுப்பது" என்று. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனை தடவை நடக்கிறது என்று குறியுங்கள். முதலாவது ஒரு நாளைக்கு 60 தடவை, இரண்டாவது வாரத்துக்கு ஒன்றிரண்டு, மூன்றாவது மாதம் ஒரு முறை. முதல் திரையில் எது வர வேண்டும் என்பதை இந்த எண்களே சொல்லிவிடும். ஒரு நாளைக்கு 60 தடவை நடக்கிற வேலை ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை வருகிறது முதல் திரையின் நடுவில் உட்கார்ந்திருக்கவும் கூடாது.

பேப்பரில், போனின் அளவிலேயே வரையுங்கள்

போனை வெள்ளைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி ஒரு கோடு போடுங்கள். அந்தக் கட்டத்துக்குள் வரையுங்கள். பெரிய தாளில் பெரிதாக வரைந்தால் எல்லாவற்றுக்கும் இடம் இருப்பது மாதிரி தோன்றும். அசல் அளவில் வரையும்போதுதான் விரலுக்கு எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று புரியும்.

சிறிய திரையில் தொடங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2009இல் லூக் ரோப்லெவ்ஸ்கி 'மொபைல் ஃபர்ஸ்ட்' என்று இதைச் சொன்னபோது, அவர் சொன்ன காரணங்களில் ஒன்று இடநெருக்கடி. இடம் குறைவாக இருந்தால் எது தேவை, எது தேவையில்லை என்று நீங்களே முடிவெடுத்தாக வேண்டும். பெரிய திரையில் தொடங்கினால் அந்த முடிவைத் தள்ளிப்போட்டுவிட்டு, கடைசியில் போனுக்குள் எல்லாவற்றையும் அமுக்கி வைப்போம்.

எங்கள் போன் திரை இப்படி வந்தது. முதல் திரையில் இன்றைக்குப் போக வேண்டிய வீடுகள், வண்டி போகிற வரிசையில். அகரவரிசை அவருக்கு எந்த விதத்திலும் உதவாது. ஒரு வீட்டைத் தொட்டால் இரண்டாவது திரை. மேலே வீட்டு எண்ணும் அவர் வைத்திருக்கும் அடையாளமும் பெரிய எழுத்தில், நடுவில் "போட்டது", "காலி" என்று இரண்டு எண்கள், கீழே ஒரு பெரிய பட்டன். அவ்வளவுதான். இதற்கு வருவதற்குள் ஏழெட்டுத் தாள் கிழித்தேன். தாளைக் கிழிப்பது மலிவு, நிரலைத் திரும்ப எழுதுவது அப்படியில்லை. ஃபிக்மா, பென்பாட் போன்ற, கணினியில் திரை வரைகிற கருவிகளுக்கு இதற்கு அப்புறம் போனால் போதும்.

விரலுக்கு இடம் விடுங்கள்

பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் 1954இல் அளந்து சொன்னது இன்றைக்கும் பொருந்துகிறது: இலக்கு தூரத்தில் இருந்தால் கை போய்ச் சேர நேரம் ஆகும், இலக்கு சிறியதாக இருந்தால் இன்னும் நேரம் ஆகும். அதனால் அடிக்கடி அழுத்துகிற பட்டன் பெரியதாகவும் கட்டை விரலுக்குப் பக்கத்திலும் இருக்க வேண்டும். ஒரு கையால் போனைப் பிடித்திருக்கும்போது கட்டை விரல் எளிதாகப் போகிற இடம் திரையின் கீழ்ப்பாதி. மேல் மூலைக்கு எட்ட வேண்டுமென்றால் பிடியை மாற்ற வேண்டும். மாடிப்படியில் நின்றுகொண்டு பிடியை மாற்றினால் போன் கீழே போகும்.

அளவு எவ்வளவு? ஆண்ட்ராய்டுக்குக் கூகுள் சொல்வது குறைந்தது 48 டிபி (ஆண்ட்ராய்டு திரையில் அளவு சொல்லும் அலகு), அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஆப்பிள் சொல்வது 44 பாயின்ட். இணையப் பக்கங்களுக்கான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 விதிகள் 24 பிக்சலையே குறைந்தபட்சமாக வைத்திருக்கின்றன, ஆனால் அதை எல்லைக்கோடு என்று எடுத்துக்கொள்ளுங்கள், இலக்காக வைக்காதீர்கள். ஈர விரலை போன் திரை சரியாகப் புரிந்துகொள்ளாது, பக்கத்துப் பட்டன் அழுந்திவிடும். அதனால் கூட்டல், கழித்தல் பட்டன்களை நான் 64 டிபி ஆக்கினேன். இரண்டுக்கும் நடுவில் கேன் எண்ணிக்கையையே வைத்து இடைவெளி விட்டேன்.

தட்டச்சு செய்ய வைக்காமல் இருக்க முடியுமா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேளுங்கள். பெரும்பாலான வீடுகள் ஒவ்வொரு தடவையும் அதே எண்ணிக்கைதான் வாங்குகின்றன. ஆகவே போன தடவை போட்ட எண் தானாகவே நிரம்பியிருக்கும். மாறினால் மட்டும் கூட்டலைத் தொடலாம், மாறாவிட்டால் கீழே உள்ள பட்டனை ஒரு தட்டு. பத்து நொடி மூன்று நொடியானது இதனால்தான். நிறமோ ஐகானோ செய்யாததை முன்கூட்டியே நிரப்பிய ஓர் எண் செய்தது.

தட்டச்சு செய்தே ஆக வேண்டிய இடத்தில் சரியான கீபோர்டைக் கொண்டுவாருங்கள். போன் எண் கேட்கிற இடத்தில் எண் கீபோர்டு தானாக வர வேண்டும். இணையப் பக்கம் என்றால் உள்ளீட்டுப் பெட்டியின் வகையைச் சரியாகக் குறித்தால் போதும், வேறு நிரல் வேண்டாம். அந்தப் பெட்டியின் எழுத்து 16 பிக்சலுக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ஐபோனில் பெட்டியைத் தொட்டதும் பக்கம் முழுக்கப் பெரிதாகி ஒரு பக்கமாக நகர்ந்துவிடும்.

சொற்கள்தான் இடைமுகம்

இந்தப் பகுதிக்கு நேரம் கொடுங்கள். தமிழில் இடைமுகம் செய்கிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

என் முதல் வடிவத்தில் கீழே இருந்த பட்டனில் "சமர்ப்பி" என்று எழுதியிருந்தேன். கேன் போடுகிறவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, யாருக்கு சமர்ப்பிக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. பூவும் பழமும் வைத்துச் செய்கிற காரியத்துக்குள்ள சொல்லை நான் கேன் கணக்குக்குப் போட்டிருந்தேன். அவரிடமே கேட்டேன், ஒரு வீடு முடிந்ததும் வண்டியில் இருப்பவரிடம் என்ன சொல்வீர்கள் என்று. "போட்டாச்சு" என்றார். பட்டனில் இன்றைக்கும் அதுதான் இருக்கிறது.

அதே மாதிரி "நிலுவைத் தொகை" போய் "பாக்கி" வந்தது. "வைப்புத்தொகை" போய் "கேன் அட்வான்ஸ்" வந்தது. "வாடிக்கையாளர்" போய் "வீடு" வந்தது. தமிழைக் குறைத்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தத் தொழிலில் புழங்குகிற தமிழ் அது. ஒரு துறைக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிற சொல் இருக்கும்போது அகராதியைத் தேடிப் போகக் கூடாது. எந்தச் சொல்லை எடுத்தாலும் எல்லாத் திரையிலும் அதையே வையுங்கள். போனில் "பாக்கி" என்றும் கணினியில் "நிலுவை" என்றும் இருந்தால் அவை இரண்டு வேறு கணக்குகள் என்று முதலாளி நினைத்துக்கொள்வார்.

அடுத்து, எழுத்தின் உடல். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "பதிவிறக்கங்கள்", "அறிவிப்புகள்" இரண்டையும் 360 பிக்சல் அகலத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் வடிவமைத்துவிட்டுக் கடைசியில் தமிழைப் போட்டால் பட்டன் உடைவது இதனால்தான். பட்டனுக்கு நிலையான உயரம் கொடுக்காதீர்கள், சொல் இரண்டு வரியானால் பட்டனும் வளரட்டும். வரிகளுக்கு இடையே எழுத்தின் அளவைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் இடம் விடுங்கள். மேலே புள்ளியும் இகர வளைவும், கீழே உகரச் சுழியும் வருகிற எழுத்து நமது, நெருக்கினால் ஒன்றை ஒன்று தொட்டுக்கொள்ளும். சின்ன அளவில் தடித்த எழுத்தையும் தவிருங்கள். 'ண'வின் சுழிகள் அடைபட்டு 'ன' போலத் தெரியும்.

இன்னொன்று, நிரல் எழுதுகிறவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வீட்டுப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ஒரு வட்டத்துக்குள் முதல் எழுத்து வருகிற மாதிரி செய்திருந்தேன். "பொன்னுசாமி" என்ற பெயருக்கு வட்டத்தில் "ப" வந்தது. நம் கண்ணுக்கு அந்தப் பெயர் பொ, ன், னு, சா, மி என்று 5 எழுத்து. யூனிகோடில் அது 10 குறியீடுகள். ப தனி, ொ தனி, ன தனி, புள்ளி தனி. "முதல் எழுத்தை எடு" என்று நிரலில் சொன்னால் அது முதல் குறியீட்டை எடுத்துக் கொடுக்கும். நீளமான பெயரை வெட்டி மூன்று புள்ளி வைக்கும்போதும் இதே கதைதான், புள்ளி போய் மெய்யெழுத்து உயிர்மெய்யாக நிற்கும். ஜாவாஸ்கிரிப்டில் எழுத்து எழுத்தாகப் பிரிப்பதற்கென்றே Intl.Segmenter இருக்கிறது, மற்ற மொழிகளிலும் நூலகங்கள் இருக்கின்றன. தன் பெயர் தப்பாக இருப்பதைப் பார்க்கிறவருக்கு மென்பொருளின் மேல் நம்பிக்கை குறைகிறது. கணக்கு மென்பொருளில் அது சிறிய விஷயம் அல்ல.

தேதியை நாள், மாதம், ஆண்டு என்று காட்டுங்கள். 05-06 என்றால் நமக்கு ஜூன் 5. மாதத்தின் பெயரையே எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. தொகைக்கு 1,25,000 என்று லட்சக் கணக்கில் காற்புள்ளி வர வேண்டும். மொழி அமைப்பில் இந்தியாவைக் குறித்தால் அது தானாக வரும்.

திரையை அகலப்படுத்துதல்

இனி டேப்லெட்டும் கணினியும். ஈதன் மார்காட் 2010இல் 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று பெயர் வைத்த முறைதான் இன்றும் அடிப்படை: விரிந்து சுருங்குகிற கட்டங்கள், அதற்கேற்ப அளவு மாறும் படங்கள், அகலத்தைப் பார்த்து அமைப்பை மாற்றும் மீடியா குவெரி. இணையப் பக்கமாகச் செய்கிறீர்கள் என்றால் வியூபோர்ட் என்ற மெட்டா குறியை மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் போன் உங்கள் பக்கத்தைக் கணினிக்கானது என்று நினைத்து, 980 பிக்சல் அகலத்தில் அமைத்துச் சுருக்கிக் காட்டும். "என் பக்கம் போனில் எறும்பு மாதிரி தெரிகிறது" என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அதைத்தான்.

எந்த அகலத்தில் அமைப்பு மாற வேண்டும் என்பதற்குப் போன் மாடல்களின் பட்டியலைத் தேடாதீர்கள், அந்தப் பட்டியல் ஆண்டுதோறும் மாறும். பிரவுசரை ஒடுக்கமாக வைத்து மெதுவாக இழுத்து அகலமாக்குங்கள். எங்கே வரி படிக்க முடியாத நீளத்துக்குப் போகிறதோ, எங்கே ஒரு பக்கம் சும்மா கிடக்கிறதோ, அங்கே மாற்றுங்கள்.

ஆனால் அகலமான திரையில் அதிகம் காட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எங்கள் டேப்லெட் போனைவிடப் பெரியது. அதில் போனைவிடக் குறைவாகத்தான் காட்டுகிறோம். அது சுவரில் இருக்கிறது, பார்க்கிறவர் நாலைந்து அடி தள்ளிக் குழாய்ப் பக்கத்தில் நிற்கிறார், இரண்டு கையிலும் கேன். அவருக்கு வேண்டியது அடுத்த வண்டிக்கு எத்தனை என்கிற ஒரே எண். அந்த எண் திரையின் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதன் கீழே வண்டி கிளம்பும் நேரம். தொடுவதற்கு அதில் எதுவும் இல்லை.

கணினி நேர் எதிர். முதலாளி உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரம் அதில் இருப்பார். அவருக்கு அட்டவணை வேண்டும், ஒரே பார்வையில் நிறைய வரிகள் வேண்டும். போனில் ஒரு வீட்டுக்கு ஒரு அட்டை என்று இருந்தது இங்கே ஒரு வரியாகிறது. பலரிடமும் உள்ள 1366க்கு 768 மடிக்கணினியில் உயரம்தான் பஞ்சம் என்பதால், மொத்தத் தொகையை அட்டவணைக்கு மேலேயே வைத்தேன்.

கணினியில் கீபோர்டு பழக்கம் வேறு. டேலியில் கணக்கு எழுதிப் பழகியவர்கள் அடுத்த பெட்டிக்குப் போக என்டரைத் தட்டுவார்கள். இணையப் படிவத்தில் என்டர் என்றால் பொதுவாக அனுப்பிவிடும். எங்கள் முதலாளி பெயரை எழுதி என்டர் தட்ட, போன் எண்ணும் முகவரியும் இல்லாமல் வீடு பதிவாகிக்கொண்டே இருந்தது. என்டர் அடுத்த பெட்டிக்குப் போகும்படி மாற்றினேன். உங்கள் ஆட்கள் இதற்கு முன் எந்த மென்பொருளில் பழகியிருக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மவுஸை மேலே கொண்டுபோனால் மட்டும் தெரிகிற பட்டன்களை வைக்காதீர்கள். தொடுதிரையில் அப்படி ஒரு செயலே இல்லை. முதலாளி ஒரு நாள் அதே பக்கத்தைப் போனில் திறப்பார், "திருத்து" காணாமல் போயிருக்கும்.

வெயில், நிறம், எழுத்தளவு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூ.சி.ஏ.ஜி., பெரிய எழுத்துக்கு 3க்கு 1. குரோமின் டெவலப்பர் கருவியில் நிறத்தைத் தொட்டால் இந்த விகிதம் தெரியும். வெள்ளையின் மேல் வெளிர் சாம்பல் எழுத்து உங்கள் அறையில் அழகாக இருக்கும், பகல் 12 மணிக்குத் தெருவில் மறைந்துவிடும். பாக்கிக்குச் சிவப்பு, கொடுத்ததற்குப் பச்சை என்று வைத்தால் பக்கத்தில் சொல்லும் இருக்கட்டும், அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாத கண்கள் உண்டு. போன் அமைப்பில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களுக்கு உங்கள் செயலியிலும் அது பெரிதாக வேண்டும். அப்படி வைத்து ஒரு முறை முழுக்க ஓட்டிப் பாருங்கள்.

அழுத்தியது பதிவானதா?

ஒரு குடியிருப்பின் கீழ்த்தளத்தில் சிக்னல் கிடையாது. முதல் வடிவத்தில் "போட்டாச்சு" அழுத்தினால் சர்வரிலிருந்து பதில் வரும்வரை திரையில் எதுவும் மாறாது. அவர் திரும்ப அழுத்தினார், இன்னொரு தடவையும் அழுத்தினார். மாதக் கடைசியில் ஒரு வீட்டுக்கு 2 கேன் 6 ஆகி பில் போனது. அந்த வீட்டம்மா அவரைத்தான் சந்தேகப்பட்டார்கள், மென்பொருளை அல்ல. அதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

அழுத்திய உடனே, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள், பட்டன் ஏதாவது ஒரு விதத்தில் மாற வேண்டும். பதிவைப் போனிலேயே வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்புங்கள். அதுவரை அந்த வரியில் "அனுப்பவில்லை" என்று சின்னதாக இருக்கட்டும். ஒரே பதிவு இரண்டு முறை போனால் சர்வர் அதை ஒன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

தவறைத் தடுக்க "நிச்சயமா?" என்று கேட்காதீர்கள். ஒரு நாளைக்கு 60 தடவை கேட்டால் படிக்காமலே "ஆம்" அழுத்தப் பழகிவிடுவார்கள். அதற்குப் பதில், பதிந்த பிறகு சில நொடிகள் கீழே "மாற்று" என்ற பட்டனைக் காட்டுங்கள். ஒரு மாதக் கணக்கையே அழிப்பது போன்ற திரும்பப் பெற முடியாத வேலைக்கு மட்டும் கேளுங்கள்.

பக்கத்தில் உட்கார்ந்து, பேசாமல் பாருங்கள்

குரோமில் எஃப்12 அழுத்தி, கண்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போன் அளவுகளில் பார்க்கலாம், இணைய வேகத்தையும் குறைத்துப் பார்க்கலாம். தினசரி வேலைக்கு அது போதும். முடிவு எடுக்க அது போதாது. கிடைக்கிற மலிவான ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வாங்கி அதில் ஓட்டுங்கள்.

அப்புறம் ஆட்கள். ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியது போல, ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான கோளாறுகள் வெளியே வந்துவிடும். அவர்களிடம் "இது நன்றாக இருக்கிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்றே சொல்வார்கள். ஒரு வேலையைக் கொடுங்கள்: "மாடி வீட்டுக்கு 3 கேன் போட்டிருக்கிறீர்கள், காலி எதுவும் கிடைக்கவில்லை. பதியுங்கள்." பிறகு வாயை மூடிக்கொண்டு விரலைப் பாருங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே பேனாவால் குறியுங்கள். உதவி செய்ய நாக்கு துடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இப்படிப் பார்த்தபோது மூன்று கோடு போட்ட மெனு ஐகானை ஒருவர்கூடத் தொடவில்லை. உள்ளே இருந்த மூன்று விஷயங்களையும் வெளியே எடுத்து, திரையின் அடியில் பெயரோடு வைத்தேன்.

கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடி போங்கள். இந்த முறை திரையைப் பார்க்க வேண்டாம், திரைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நான் போனபோது வண்டியில் பழைய கணக்கு நோட்டு அப்படியே இருந்தது. எல்லாம் போனில் பதிகிறாரே, இதில் என்ன எழுதுகிறார் என்று கேட்டு வாங்கிப் பார்த்தேன். "டீச்சர் வீடு, ஊருக்குப் போயிருக்காங்க, 12 வரை வேண்டாம்." பக்கம் பக்கமாக இதே மாதிரி குறிப்புகள். அடுத்த வடிவத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் "கொஞ்ச நாள் வேண்டாம்" என்று ஒரு பட்டன் வந்தது, தொட்டால் நாள்காட்டி திறக்கும். அதற்கு அடுத்த முறை நான் போனபோது அந்த நோட்டு வண்டியில் இல்லை.